புதுப்பிப்பு: 25 பின் சீரியல் பிரிண்டர் டாஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பழைய 486 கம்ப்யூட்டரின் 9 பின் காம்1 (COM1) சீரியல் போர்ட்டில் 25 பின் சீரியல் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்ட நேர் கேபிள் (ஒவ்வொரு சிக்னலும் அதே பெயருள்ள சிக்னலுக்குப் போவது) வேண்டுமா, நல் மோடம் (null modem) கேபிள் (ஒன்றின் அனுப்பும் வயரை மற்றதன் வாங்கும் பின்னுக்கு மாற்றிக் கட்டியது) வேண்டுமா என்று கேட்டிருந்தேன். இப்போது நன்றாக அச்சாகிறது.

கை கொடுத்தது, வாங்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனை. கேபிள் மாட்டாமல் இரண்டையும் ஆன் செய்து, கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து (9 பின்னில் 5, 25 பின்னில் 7) 2, 3 இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது எதில் மைனஸ் வோல்ட் நிற்கிறதோ அதுதான் அனுப்பும் பின். கம்ப்யூட்டரில் 3-இல் மைனஸ் 11 வந்தது, பிரிண்டரில் 2-இல் மைனஸ் 9. 25 பின் கனெக்டரில் கம்ப்யூட்டர் அனுப்புவதும் 2-இல்தான்; பிரிண்டரும் அதிலேயே அனுப்புகிறது என்றால் அதற்கும் கம்ப்யூட்டர் மாதிரியே வயரிங், ஆக நல் மோடம்தான். 3-இல் வந்திருந்தால் நேர் கேபிள், மோடம்கள் அப்படித்தான்.

எதிர்பாராதது ஒன்று. கடையில் கிடைத்த நல் மோடம் கேபிளில் சின்ன பில் சரியாக வந்தது, நீள ரிப்போர்ட்டில் மட்டும் நடுவே வரிகள் காணாமல் போயின. கழற்றிப் பார்த்தால் உள்ளே மூன்றே வயர், கம்ப்யூட்டர் பக்கம் 7-ஆம் பின்னை 8-ஓடும் 4-ஐ 6-ஓடும் அங்கேயே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். பஃபர் (வந்ததை அச்சிடும் வரை வைக்கும் நினைவகம்) நிரம்பினால் இந்த பிரிண்டர் 20-ஆம் பின் வழியாகத்தான் நிறுத்தச் சொல்லும், அதற்கு வயரே இல்லை; வளையங்களால் பிரிண்டர் எப்போதும் தயார் என்றே கம்ப்யூட்டர் நினைக்கிறது. அந்த வளையங்களை வெட்டிவிட்டு, பிரிண்டரின் 20-இலிருந்து ஒரு வயர் இழுத்து கம்ப்யூட்டர் பக்கம் 6, 8 இரண்டிலும் பற்ற வைத்தேன். அப்புறம் ஒரு வரிகூட விடவில்லை. வேகம் 9600 bps, பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை.