கோல்ஃபில் டிரைவர் எடுத்தால் மட்டும் பந்து வலப்பக்கம் வளைகிறது: இந்த வயதில் ஸ்விங்கைத் திருத்த முடியுமா?

வாலாஜாக்காரன்:

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு பெங்களூரு போன இடத்தில் தொற்றிக்கொண்ட ஆட்டம் இந்தக் கோல்ஃப். இப்போது அவர்கள் வராத மாதங்களிலும் போகிறேன்.

ஏழாம் எண் அயனில் (முகம் சாய்ந்த இரும்பு மட்டை) பந்து ஓரளவு நேராகப் போகிறது. அதிக தூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரை எடுத்துவிட்டால், கிளம்பிய சிறிது தூரத்திலேயே வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இடப்பக்கம் குறிவைத்து நின்றால் முன்னைவிட மோசமாக வளைகிறது. ஆள் ஒருவன், மட்டையை வீசும் ஸ்விங்கும் ஒன்று. பிறகு ஏன் இப்படி? காணொளிகளில் ஒருவர் இடுப்பைத் திருப்பு என்கிறார், அடுத்தவர் இடுப்பை அடக்கு என்கிறார். பயிற்சிக்கு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மைதானமும் கிடையாது.

எப்போதாவது ஒரு பந்து சரியாகப் பட்டுவிடுகிறது. கையில் எந்த அதிர்வும் இல்லாமல் அது எழும்பிப் போவதைப் பார்த்தால் அந்த வாரம் முழுவதும் மனம் நிறைந்திருக்கிறது. அதற்காகவே கேட்கிறேன்.

காட்பாடி வாசி:

டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். அதைவிடக் கொஞ்சம் குட்டையான மூன்றாம் எண் வுட் அல்லது ஐந்தாம் எண் வுட் மட்டை போதும். தூரம் கொஞ்சம் குறையும், பந்து தொலையாது. பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி. எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பாலாற்று ஹவில்தார்:

காட்பாடி நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நோய் அப்படியே இருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. எங்கள் ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களைப் பற்றி இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். நானும் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் இருந்தேன். அதிகாரிகளின் கோல்ஃப் பையைத் தூக்கித் தூக்கியே இந்த ஆட்டத்தைக் கற்றேன். ஓய்வு பெற்றுச் சத்துவாச்சாரிக்கு வந்தபிறகு எனக்கு மைதானம் பாலாறுதான்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு. எந்தப் பக்கம் வளைகிறது என்பது, மட்டை போகும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. பாதை இடப்பக்கம் இழுக்க, முகம் அதற்கு வலப்புறமாகத் திறந்திருந்தால் ஸ்லைஸ், அதாவது உங்களுடைய வலப்பக்க வளைவு. நீங்கள் இடப்பக்கம் திரும்பி நிற்கும்போது பாதையும் உங்களோடு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. முகமோ இலக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறுபாடு அதிகமாகிறது, வளைவும் அதிகமாகிறது.

அயனில் மட்டும் நேராகப் போவது ஏன்? அதன் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் பந்து பின்னோக்கி வேகமாகச் சுழல்கிறது. பக்கவாட்டுச் சாய்வு அதில் அடங்கிப்போகிறது. டிரைவரின் முகம் ஏறக்குறைய நிமிர்ந்தது. அதே கோளாறு அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. ஆகவே டிரைவர் உங்கள் எதிரி இல்லை, ஐயா. உங்கள் ஸ்விங்கைப் பற்றி உள்ளதைச் சொல்லும் மட்டை அதுதான்.

பந்து முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி விநாடி அளவே. அந்த நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பித் திருத்தலாம் என்று நினைப்பது வீண். திருத்தம் எல்லாம் அதற்கு முன்பே, கிரிப்பிலேயே, மட்டையைப் பிடிக்கும் பிடியிலேயே, தொடங்கவேண்டும். குனிந்து பாருங்கள்: இடது கையில் எத்தனை விரல்முட்டிகள் தெரிகின்றன? ஒன்றுதான் தெரிந்தால் கையைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பி, இரண்டு, இரண்டரை தெரியும்படி பிடியுங்கள். வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கோடு வலது தோளைப் பார்க்கட்டும்.

இனி ஆற்றுக்கு வாருங்கள். விடியற்காலையில் ஈரம் காயாத மணலில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பந்தே வைக்காமல் அயனால் அடியுங்கள். மணல் தெறித்த பள்ளம் கோட்டுக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், தொடங்கவேண்டும். அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மட்டை போன பாதை அதில் எழுதியிருக்கும். விலை உயர்ந்த கருவி காட்டுவதை எனக்கு இந்த மணல் காட்டியது. மணல் அள்ளி அடிமண் தெரியும் இடங்களில் மட்டும் அடிக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும். நல்ல மணல் இருந்த எத்தனையோ இடங்கள் இன்று சீமைக்கருவேலங்காடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஸ்விங் அழகாக இருக்கவேண்டும் என்ற கவலையை விடுங்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக் மட்டையை மேலே கொண்டுபோய் ஒரு வளையம் போட்டுத்தான் கீழே இறக்குவார். அந்த ஸ்விங்கோடு 2003-இல் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் வென்றார், 2016-இல் ஒரு சுற்றை 58 முறை மட்டுமே அடித்து முடித்தார். நம் பக்கத்துப் பெங்களூரில் பை தூக்கிக்கொண்டிருந்த முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் வென்ற செய்தியைப் படித்த அன்று, பை தூக்கிய இந்தத் தோள் எப்படிப் பூரித்தது என்று சொல்ல முடியாது.

முதுகுவலி மருத்துவம்:

வேலூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். இடுப்புக் குழப்பத்துக்கு மட்டும் பதில். கீழ்முதுகு எலும்புகள் மிகக் கொஞ்சமே திரும்பக்கூடியவை. திரும்பவேண்டியது இடுப்பு மூட்டும் மேல்முதுகும். மட்டையைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் இடுப்பை இறுக்கிப் பிடித்தால் அந்தச் சுமை கீழ்முதுகில் விழும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் நீங்கள். ஆகவே இடுப்பைத் தாராளமாகத் திரும்பவிடுங்கள். உடலைச் சூடேற்றாமல் முதல் பந்திலேயே டிரைவரை வீசவேண்டாம்.

வாலாஜாக்காரன்:

ஞாயிறு காலை நம் ஊர்ப்பக்கப் பாலாற்றிலேயே செய்து பார்த்தேன். பள்ளங்கள் எல்லாம் இடப்பக்கம்தான் நீண்டிருந்தன! கிரிப்பை மாற்றினால் மட்டை அந்நியமாக இருக்கிறது. இது போகுமா?

பாலாற்று ஹவில்தார்:

போகும். தொலைக்காட்சி பார்க்கும்போது மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிடித்துப் பிடித்து விடுங்கள், வீச வேண்டாம். அடுத்த முறை பெங்களூரில் டிரைவர் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அடியுங்கள். பந்து பட்ட தடம் குதிகால் பக்கம், அதாவது தண்டுக்கு அருகே விழுந்திருந்தால் அதுவும் ஸ்லைஸைக் கூட்டும்; அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள். தடம் எங்கே விழுந்தது என்று இங்கே எழுதுங்கள். பள்ளம் நேராகும்வரை டிரைவரைப் பாதி வேகத்தில் மட்டும் வீசுங்கள். வெயில் ஏறுவதற்குள் வருவதானால் சத்துவாச்சாரிப் பக்கம் வாருங்கள், மணலிலிருந்து அடிக்கும் என் பழைய சேண்ட் வெட்ஜையும் எடுத்து வருகிறேன்.