கிளவுட் ஃபாரஸ்ட்: முகில்தோய்காடு என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அடிக்கடி மேகமூட்டம் படிந்து நிற்கும் மலைக்காட்டை ஆங்கிலத்தில் 'கிளவுட் ஃபாரஸ்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் மேகக்காடு, மூடுபனிக்காடு, மஞ்சுக்காடு (மஞ்சு என்றால் மேகம்) என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் எங்கள் இலங்கை மலையகத்து ஹோர்டன் சமவெளியில் வைத்து உரசிப் பார்த்தேன். எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவை. நுவரெலியாப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலைப்பறவைகளைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது.

மூடுபனிக்காடு படித்ததும் புரிகிறது. ஆனால் பனி என்றால் எங்கள் ஊரில் வேறொன்று நினைவுக்கு வரும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின்மேல் வெள்ளையாக உறைந்து, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடுகிற பனி அது. காட்டுக்கு உயிர் கொடுப்பதையும் கொழுந்தைக் கருக்குவதையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சுக்காடு காதுக்கு இனிமைதான். ஈரோட்டுக்காரர் காதில் அது மஞ்சக்காடு, அதாவது மஞ்சள் விளையும் தோட்டம், என்று விழுமே! மேகக்காடு பிழையில்லை. இருந்தாலும் அது காடு எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் காடு செய்கிற வேலையும் பெயரில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வேலையை ஒரு மரத்தடியில் நின்றாலே பார்த்துவிடலாம். 2,100 மீட்டர் உயரத்தில், காற்று அடித்து அடித்து மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு, உச்சியில் குடை விரித்தாற்போல் நிற்கும். கிளை முழுக்கப் பாசி. கற்பாசி இனம் ஒன்று நரைத்த தாடிபோல் தொங்கும். காலையில் மூட்டம் இறங்கி மரத்துக்குள் புகுந்து போகும்போது அந்தத் தாடியின் ஒவ்வோர் இழை நுனியிலும் ஒரு சொட்டு திரள்கிறது. கனத்து விழுகிறது. உடனே அடுத்தது திரள்கிறது. மழை கிடையாது. நடந்து வந்த பாதை காய்ந்து கிடக்கிறது, மரத்தடி மட்டும் சொதசொதவென்று இருக்கிறது. வெட்டவெளியில் வைத்த மழைமானியின் கணக்கில் இந்தத் தண்ணீர் வராது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் தரும் ஓடைகள் இந்தச் சமவெளியில்தான் பிறக்கின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதனால் என் முன்மொழிவு 'முகில்தோய்காடு'. வான்தோய், விண்தோய் என்று பழந்தமிழில் மலைக்கு அடைமொழி உண்டு. அங்கே தோய்தல் என்றால் தொடுதல். பேச்சில் அது நனைதல். யாழ்ப்பாணத்தில் தலைக்குக் குளிப்பதே தோய்வதுதான், உடுப்பையும் தோய்ப்பார்கள். தமிழ்நாட்டில் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிடுகிறீர்கள். முகிலைத் தொடும் காடு, முகிலில் குளிக்கும் காடு என்ற இரண்டு பொருளும் ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன. மரம் முகிலிலிருந்து பிடித்துச் சொட்டும் தண்ணீர், அதாவது 'ஃபாக் ட்ரிப்', தோய்நீர் ஆகும். நீளம் கருதி முகிற்காடு என்று சுருக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். சுருக்கினால் தோய்நீருக்கும் காட்டுக்கும் உள்ள உறவு பெயரில் அறுந்துபோகும். முகில் தமிழ்நாட்டில் கொஞ்சம் கவிதைச் சொல், தெரியும். இலங்கையில் அது அன்றாடச் சொல்.

அப்புறம், பறவைகள். 'எண்டெமிக்' என்பதற்கு ஓரிடவாழ்வியே எனக்குப் போதும். வலசை போகாமல் ஓரிடத்தில் தங்கும் பறவை என்று பிள்ளைகள் நினைத்துவிடலாம் என்பதால், முதல் தடவை மட்டும் 'இலங்கைக்கே உரிய' என்று விளக்கிவிடுவேன். அப்படிப்பட்ட பறவைகள் இலங்கையில் முப்பதுக்கு மேல். அவற்றில் சில மலைக்காட்டோடு கட்டுண்டவை. நீலகிரியில் சீகாரப் பூங்குருவி என்கிறோமே, அதன் உறவு ஒன்று இங்கே உண்டு. ஆண் கருநிறம், தோளில் ஒரு துளி நீலம். நிழலான ஓடைக்கரையை விட்டு வெளியே வராது. ஹோர்டன் சமவெளியின் அரெங்கா குளத்தருகே விடியுமுன் போய் நின்றால், கூரான ஒரு சீழ்க்கை ஓடைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும். அழியும் ஆபத்திலுள்ள பறவை இது. ஓடையும் நிழலும் போனால் இதற்கு ஒதுங்க வேறு இடமில்லை, ஏற்கெனவே மலையுச்சியில்தான் இருக்கிறது.

கீழ்ச் சரிவுகளைக் காப்பி கொண்டுபோனது, பிறகு தேயிலை. 1873இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று சொன்னதால்தான் உச்சியாவது மிஞ்சியது. சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவு காவல் இருந்தும் 1970களிலிருந்து மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. ஈரக்குறைவு, காற்று மாசு, மண் என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். கோடரி படாமல் சாகிற இதற்குக் காடழிப்பு என்று எழுத முடியாது. மிளகாய்ச் செடிக்கு விவசாயிகள் நுனிக்கருகல் என்பார்கள். அதைப் பின்பற்றி 'விதானக்கருகல்' என்று போட்டிருக்கிறேன்; விதானம் என்றால் மரவுச்சிகள் சேர்ந்து அமைக்கும் காட்டின் கூரை. இலையும் பாசியும் போன கிளையில் முகில் மோதினாலும் தோய்நீர் அவ்வளவாகச் சேராது. இந்த மூன்று சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

நீரியல் தெரிந்த நண்பர்கள் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: தோய்நீர் என்ற சொல் உங்கள் துறையில் வேறு எதற்காவது வழங்குகிறதா? முகில்தோய்காடு என்று சேர்த்து எழுதுவதா, முகில்தோய் காடு என்று பிரிப்பதா என்பதிலும் கருத்து வேண்டும். பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பார்கள் என்பதால் பிரிப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்புடன்