500 லிங்க் வாங்கியும் எங்கள் கருவாட்டுக் கடை கூகுளில் நாலாம் பக்கம். என்ன செய்யலாம்?

காசிமேடு மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரம். மாமியார் 28 வருடமாகக் கருவாடு விற்கிறார். முதலில் கூடையில், அப்புறம் திண்ணையில், இப்போது வாசலை ஒட்டி ஒரு சின்னக் கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் பிடிவாதமாக ஒரு வெப்சைட் போட்டேன். நெத்திலி, வாளை, சுறா, வஞ்சிரம், சென்னாகூனி, மாசி என்று 14 அயிட்டம். கூரியரில் அனுப்புகிறோம்.

சைட் வழியாக மாதம் ஏழெட்டு ஆர்டர் வந்துகொண்டிருந்தது. போன தை மாதம் ஒரு ஏஜென்சியிலிருந்து போன். 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து எங்கள் சைட்டுக்கு வரும் லிங்க்), 40 கீவேர்டு (ஆட்கள் தேடும் வார்த்தை), மூன்றே மாதத்தில் முதல் பக்கம், 12,000 ரூபாய் என்றார்கள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்த நேரம். கொடுத்துவிட்டேன்.

ஐந்து வாரம் நிஜமாகவே ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் போனைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு வாரத்தில் சரசரவென்று இறங்கி இப்போது நாலாம் பக்கத்தில் கிடக்கிறது. போன மாதம் சைட்டிலிருந்து இரண்டே ஆர்டர். அதில் ஒன்று என் சித்தி பெண்.

அவர்கள் செய்து வைத்திருப்பதை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எங்கள் போன் நம்பரைக் காப்பி செய்ய இழுத்தபோது அதற்குக் கீழே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நாற்பது வரி தெரிந்தது. எல்லாம் 'சிறந்த கருவாடு, மலிவான கருவாடு, நம்பர் ஒன் கருவாடு'. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 36 பக்கம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் 'தாம்பரத்தில் உள்ள எங்கள் கிளைக்கு வாருங்கள்' என்று இருக்கிறது. தாம்பரத்தில் எங்களுக்கு ஏது கிளை? வண்ணாரப்பேட்டையைத் தாண்டினாலே 'ஊருக்குப் போய் வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் என் மாமியார்.

லிங்க் கொடுத்த தளங்களைத் திறந்து பார்த்தால் பாதி சூதாட்டம், மீதி எனக்குப் புரியாத மொழி. மாமியாரிடம் சொன்னேன். "ஐநூறு பேரு நம்ம கடைக்கு வழி சொல்றாங்கன்னியே, அதுல ஒருத்தராவது கால் கிலோ நெத்திலி வாங்கினாரா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல?

இப்போது இன்னொருவர் வந்து, அந்த லிங்க்கையெல்லாம் டிசவோ செய்து தருகிறேன், 8,000 ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? கீவேர்டு என்று உண்மையில் எதை எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டோல்கேட் டெவலப்பர்:

அக்கா, அந்த 8,000 ரூபாயை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். கூகுளில் ஒரு ஆள் உட்கார்ந்து உங்கள் தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். அது காலியாக இருந்தால் டிசவோ பக்கமே போகாதீர்கள். டிசவோ என்பது, 'இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதே' என்று நாமே பட்டியல் கொடுக்கும் இலவச வசதி. 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசைக் கணக்கில் பெங்குவின் என்று ஒரு மாற்றம் வந்தது. லிங்க் வாங்கிக் குவித்திருந்த தளங்கள் தலைகுப்புற விழுந்தன. அந்தக் களேபரத்துக்கு நடுவில், அதே வருடம் அக்டோபரில் வந்த கருவி இது. 2016 செப்டம்பரில் பெங்குவினையே மாற்றிவிட்டார்கள். கெட்ட லிங்க் இருந்தால் தளத்தைக் கீழே தள்ளுவதை விட்டுவிட்டு, அந்த லிங்க்கை மதிப்பில்லாமல் ஆக்க ஆரம்பித்தார்கள். 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரைன் என்ற தானியங்கி முறையையும் இதற்கு இறக்கினார்கள். உங்கள் ஐந்து வார ஏற்றம் அந்த லிங்க்குகள் கணக்கில் இருந்தவரை நீடித்தது, அவை கழிந்ததும் இறங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தவன் தளத்தில் இருக்கும் குப்பையை விடுங்கள். உங்கள் வீட்டுக்குள் இருப்பது ஆபத்து. வெள்ளை எழுத்தை இன்றைக்கே எடுங்கள். அந்த 36 பக்கத்தையும் அழியுங்கள். ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி ஒரே பக்கத்தைப் போடுவதற்கு 'டோர்வே' என்று பெயர், கூகுளின் ஸ்பேம் விதிகளில் நேராகவே எழுதியிருக்கிறது. அதற்குப் பதில் 'எங்கெங்கே அனுப்புகிறோம், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவு' என்று உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு டெலிவரி பக்கம் போதும்.

முகப்புப் பக்கத்தின் டைட்டில், அதாவது கூகுளுக்குச் சொல்லும் தலைப்பு, என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.


மின்ட் அச்சகம்:

நான் மின்ட் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். கம்ப்யூட்டர்காரன் இல்லை. ஆனால் தங்கச்சி விழுந்த குழியில் நானும் விழுந்து எழுந்தவன், அதனால் எழுதுகிறேன்.

லிங்க் என்பது என்ன என்று எனக்குப் புரியவே மூன்று வருடம் ஆயிற்று. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் போய்க் கேட்கிறீர்கள். "அந்த ரகம் நம்மகிட்ட இல்லம்மா, நாலாவது கடையில கேளுங்க" என்று கை காட்டுவார். அதுதான் லிங்க். காட்டுகிறவர் யார், அவர் பேச்சுக்கு என்ன மரியாதை என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கைக்கு மதிப்பு. லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 1998இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்ப்பது போல, பக்கங்களையும் பார்ப்பது. பேஜ்ரேங்க் என்ற பெயரிலுள்ள பேஜ் அந்த மனிதருடைய பெயர்தான். சூதாட்டத் தளம் கருவாட்டுக் கடையைக் கை காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இப்போது வார்த்தைக்கு வருவோம். எனக்கு சைட் செய்து கொடுத்த பையன் 'கீவேர்ட்ஸ்' என்று ஒரு மறைவான டேகில் எண்பது வார்த்தையை நிரப்பி வைத்திருந்தான். நானும் மாதாமாதம் அதில் நாலு வார்த்தை சேர்ப்பேன், உண்டியலில் போடுகிற மாதிரி. தரவரிசைக்கு அந்த டேகைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டதாம். நான் 2017 வரை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் சைட் முழுக்க 'திருமண அழைப்பிதழ்' என்று எழுதியிருந்தேன். ஆனால் கடைக்குப் போன் செய்கிறவர் யாருமே அப்படிச் சொல்ல மாட்டார். "பத்திரிகை மாடல் காட்டுங்க", "பத்திரிகை வாசகம் எப்படி எழுதணும்" என்பார்கள். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஒரு மாதம் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினேன். அதிகம் வந்த கேள்வி என்ன தெரியுமா? விலை இல்லை. தாய்மாமன் பெயரை எங்கே போடுவது, காலமான தாத்தா பெயரை எப்படி எழுதுவது, இரண்டு பெரியப்பா சண்டையில் இருந்தால் யார் பெயர் முதலில் வரும். இதையெல்லாம் மாதிரி வாசகத்தோடு ஒரே பக்கமாக எழுதிப் போட்டேன். ஒருத்தரிடமும் கேட்காமல் அந்தப் பக்கத்துக்கு லிங்க் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், ஒரு சமையல் காண்ட்ராக்டர், வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம். மொத்தம் ஒன்பதுதான். எனக்கு அது போதும்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருமே, அதில் ஆட்கள் எழுதும் வார்த்தையைப் பாருங்கள். அப்புறம், ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் கானாங்கெளுத்தி என்பதை நாகர்கோவில்காரர் அயிலை என்பார். மத்தியைச் சாளை என்பார்கள். வஞ்சிரத்தை நெய்மீன் என்று தேடுகிற ஆள் உங்கள் கடையை எப்படிக் கண்டுபிடிப்பார்?


காசிமேடு மருமகள்:

தம்பி, அண்ணே, இருவருக்கும் நன்றி. மேனுவல் ஆக்‌ஷன் பக்கம் காலி. முகப்பு டைட்டிலைப் பார்த்தேன். 'ஹோம்' என்று இருக்கிறது! இரண்டு வருடமாக எங்கள் கடையின் பெயர் கூகுளுக்கு ஹோம்.

கன்சோலில் ஆட்கள் தேடிய வார்த்தைகளையும் பார்த்தேன். 'சிறந்த கருவாடு' என்று ஒருவரும் தேடவில்லை. 'நெத்திலி கருவாடு மண் போக கழுவுவது எப்படி', 'தலை கிள்ளிய நெத்திலி', 'கருவாடு பூச்சி வராமல் வைப்பது எப்படி', 'பால் சுறா கருவாடு'. இதற்கெல்லாம் நாங்கள் 60ஆவது, 70ஆவது இடத்தில் நிற்கிறோம். ஏனென்றால் இவை எதைப் பற்றியும் சைட்டில் ஒரு வரி கூட இல்லை. மண் இல்லாத நெத்திலிதான் மாமியாரின் பெருமையே. மணலில் போடாமல் வலை விரித்துக் காய வைத்ததை மட்டும் வாங்குவார். அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆங்கில எழுத்தில் கருவாடு என்று அடிப்பவர்கள் ஒருவர் நடுவில் ஒரு 'ஏ' போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார். தனித்தனிப் பக்கம் வேண்டுமா? அடுத்து, கூகுள் மேப்பில் ஐந்து ஸ்டார் போட்டால் 50 கிராம் நெத்திலி இலவசம் என்று கடையில் எழுதி வைத்திருக்கிறேன். அது சரிதானே?


டோல்கேட் டெவலப்பர்:

அந்த நெத்திலி போர்டை முதலில் கழற்றுங்கள் அக்கா. விமர்சனத்துக்குப் பொருள் கொடுப்பது கூகுள் விதிப்படி தப்பு. பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று வாயால் கேட்பதில் தப்பில்லை. மேப்பில் ஏஜென்சி கடைப் பெயரோடு 'பெஸ்ட் சென்னை ஆன்லைன்' என்று ஏதாவது வால் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் என்ன பெயரோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தையே முடக்கக்கூடும்.

ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் தனிப் பக்கம் வேண்டாம். அது 36 பக்கக் கதைக்குத் தம்பி. தமிழில் எழுதுங்கள், டைட்டிலில் ஒரு இடத்தில் ஆங்கில எழுத்திலும் வரட்டும். எந்த எழுத்துக்கூட்டல் அதிகம் வருகிறது என்று கன்சோலே சொல்லும்.

பால் சுறா பக்கத்தில் மட்டும் ஜாக்கிரதை. பிரசவித்தவர்களுக்கு என்று வைத்தியம் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். உடம்பு சம்பந்தப்பட்ட பேச்சை கூகுள் கூடுதல் கண்டிப்போடு எடை போடுகிறது. எப்படிப் புட்டு செய்வது என்று எழுதுங்கள், போதும்.


பெரம்பூர் ஃப்ரீலான்சர்:

இங்கே எல்லோரும் சாமியார் மாதிரி பேசுகிறீர்கள். நான் மூன்று கிளையன்ட்டுக்கு லிங்க் வாங்கித்தான் போடுகிறேன், மூன்றும் முதல் பக்கத்தில் நிற்கிறது. அந்த அக்கா வாங்கியது மலிவுச் சரக்கு. நல்ல சைட்டில் வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. சும்மா நெத்திலி கழுவுவது எப்படி என்று எழுதினால் யார் லிங்க் கொடுப்பார்கள்?


டோல்கேட் டெவலப்பர்:

நிற்கும் அண்ணே, இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கிளையன்ட் சைட் விழுந்தால் வேறு டொமைன் வாங்கி மறுபடி ஆரம்பிப்பார். இவர்களுக்கு இருப்பது ஒரே பெயர். அது கடைப் போர்டிலும் இருக்கிறது, பாக்கெட்டிலும் ஒட்டியிருக்கிறது.

அக்கா, யாராவது சமையல் சேனல்காரருக்குக் கருவாடு அனுப்பி, பதிலுக்கு லிங்க் கேட்டால் அதுவும் வாங்கிய லிங்க்தான். அனுப்புங்கள், ஆனால் அந்த லிங்க்கில் 'ஸ்பான்சர்டு' என்ற குறி போடச் சொல்லுங்கள். 2019இலிருந்து அதற்குத் தனிக் குறி இருக்கிறது. யூடியூப் விளக்கத்தில் வரும் லிங்க் தரவரிசைக்கு உதவாது என்றாலும் ஆள் வருவார்கள்.


காசிமேடு மருமகள்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். புரட்டாசி, கடையில் ஈ ஓட்டுகிறோம், எழுத நேரம் கிடைத்தது.

வெள்ளை எழுத்து, 36 பக்கம் எல்லாம் போய்விட்டது. லிங்க்கை ஒன்றும் செய்யவில்லை. மாமியாரை உட்கார வைத்து, அவர் பேசப் பேச நான்கு பக்கம் எழுதினேன். மண் போகக் கழுவுவது, பூச்சி வராமல் வைப்பது, பால் சுறா புட்டு, அப்புறம் மின்ட் அண்ணன் சொன்ன மீன் பெயர் அட்டவணை. நெத்திலி கழுவும் பக்கம் 64இலிருந்து 9க்கு வந்திருக்கிறது. 'கருவாடு ஆன்லைன்' என்று தேடினால் இன்னும் மூன்றாம் பக்கம்தான். ஆவணியில் சைட் ஆர்டர் 11. புரட்டாசியில் எண்ணிக்கை இறங்கியதும் பயந்துவிட்டேன். கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கிறதே, போன வருடப் புரட்டாசியோடு வைத்துப் பார்த்தேன். அதைவிட இரண்டு மடங்கு.

நாகர்கோவில் பக்கம் ஒரு அம்மா தன் சமையல் தளத்தில் எங்கள் மீன் பெயர் அட்டவணைக்கு லிங்க் கொடுத்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. கூடவே, ஒரு பெயர் தப்பு என்று மெயிலும் போட்டிருந்தார். மாமியாரிடம் காட்டினேன். தப்பு இல்லை என்று அவர் சண்டைக்கு நிற்கிறார். இருவரையும் போனில் பேச விட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

அடுத்து, மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு பக்கம் எழுதப் போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்குப் போன் ஓயாது. எந்த மாதத்தில் அதைப் போட்டால் சரியாக இருக்கும்?


மின்ட் அச்சகம்:

தையிலேயே போட்டுவிடு தங்கச்சி. கூகுள் பார்த்து, நாலு பேர் படித்து, நிலைக்க நேரம் வேண்டும். வருடா வருடம் புதுப் பக்கம் போடாதே. ஒரே முகவரியில் தேதியை மட்டும் சரி செய்துகொண்டே வா, வந்த லிங்க் வீணாகாது. அந்தப் பெயர் விவகாரம் எந்த மீன் என்று சொல்லு, எங்கள் வீட்டிலும் ஒரு நாகர்கோவில் மருமகள் இருக்கிறாள்.