ஊர் திரும்பினவர்கள், கூடவே போன கடன்: உங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுங்கள்

பாலக்கோடு ஜெராக்ஸ்

கடையை இடம் மாற்றுகிறேன். மேசை டிராயரைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு நகல் கிடைத்தது. அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். 2009-ல் இலங்கையில் போர் முடிந்தது, நம்ம ஊர் முகாம்களில் இருந்த அகதிகளில் சிலர் ஊர் திரும்பியது, அங்கே வீடு கட்ட இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத் திட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

2012, மாங்காய் சீசன். அணைக்கட்டு முகாமிலிருந்து ஓர் அம்மா நகல் எடுக்க வந்தார். ஊருக்குப் போகிறார்களாம். வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கக் காணிப் பத்திரம் வேண்டும் என்று அங்கிருந்து அண்ணன் போனில் சொல்லியிருக்கிறார். படகில் வரும்போது நனைந்த காகிதம். மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிவிட்டது. முதல் நகல் கருப்பாக விழுந்தது. மூன்று தடவை எடுத்தேன்.

அப்போது பத்திரம் எழுதுகிறவர் ஒருவருக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் சட்டமெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்று ஒரு நினைப்பு. "சர்வே நம்பரே இல்ல, சீல் அழிஞ்சிருக்கு, இது செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. காகிதத்தை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "தம்பி, வெளிச்சத்தில பிடிச்சா முத்திரை தெரியுது, பாருங்கோ."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆமாம்மா, தெரியுது" என்றேன். மூன்று ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார். வீடு கிடைத்ததா, போய்ச் சேர்ந்தாரா, எதுவும் தெரியாது. செல்லாது என்றதுகூட இல்லை, அந்தத் 'தெரியுது'தான் உறுத்துகிறது.

ஓசூர் பி ஷிப்ட்

நான் பார்த்தது பேப்பர் இல்லை, பைக். யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி ஓட ஆரம்பித்தது 2014 அக்டோபர் 13. நம்ம நாடு கொடுத்த கடனில் போட்ட தண்டவாளம். அதற்கு அடுத்த மாதம் டீலர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் பைக் கம்பெனியில் என்னை அங்கே அனுப்பினார்கள். கிளிநொச்சியில் இறங்கினால் நாங்கள் லைனில் கோர்த்து அனுப்பும் வண்டி தெருவுக்குப் பத்து ஓடுகிறது. சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் டீக்கடை வாசலில் இரண்டு பேர் ஒரு வண்டியை மறித்தார்கள். அங்கேயும் அதற்குச் 'சீசிங்' என்றுதான் பெயர். லீசிங் தவணை இரண்டோ மூன்றோ பாக்கி. வண்டிக்காரர் சண்டை போடவில்லை. இறங்கினார். கொக்கியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தார். பின்னால் கட்டியிருந்த பிள்ளையின் புத்தகப் பையை அவிழ்த்தார். அப்புறம் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். காலையில்தான் அடித்திருப்பார் போல. மூடிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அந்தச் செயின் கவரை மாட்டியவன் நானாகவே இருக்கலாம். ரோடு வந்த வேகத்தில் லீசிங் ஆபீஸும் வந்துவிட்டது. வண்டி வாங்க ஆள் இருந்தது, வண்டியில் ஏறிப் போக வேலை இல்லை.

பென்னாகரம் அக்கா

பி ஷிப்ட் தம்பி சொன்னது ஆண்கள் கதை. பெண்கள் கதை நான் சொல்கிறேன்.

நான் 20 வருடத்துக்கு மேல் குழுவில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் குழு என்ற ஒன்றே நம்ம தர்மபுரியில்தான், 1989-ல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த உதவியில் ஆரம்பித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. முதலில் எங்களுக்குக் கடனா கொடுத்தார்கள்? மாதாமாதம் சேமிக்க வைத்தார்கள், நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத வைத்தார்கள். பேங்க் படியேறியது பிறகுதான்.

முகாமிலும் குழுக்கள் உண்டு. அதில் கணக்கு எழுதிய பெண் ஊருக்குப் போய் முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினாள். புருஷன் இல்லை. கோழி வளர்க்க மைக்ரோ கடன் எடுத்தாள். அதை அடைக்க இன்னொன்று. ஒருநாள் போன் வந்தது, குசுகுசுவென்று. "அக்கா, சத்தமாக் கதைக்க ஏலாது." பின்னால் பைக் வந்து நிற்கிற சத்தம். வெளியே அவள் மகள், ஏழு வயது இருக்கும், "அம்மா சந்தைக்குப் போயிட்டா" என்கிறாள். யாரோ, "கதவு வெளிய பூட்டியிருக்கு, உள்ள ஃபேன் ஓடுதே?" என்கிறான். இங்கே பென்னாகரத்தில் உட்கார்ந்து நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். லைன் கட்.

2018-ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மைக்ரோ கடனைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. கேட்டதும் போன் போட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லை.

கணக்கர் (ஓய்வு), கிருஷ்ணகிரி

எல்லாரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள். ஓசூர் தம்பி லீசிங்காரனைக் குற்றம் சொல்கிறார், பென்னாகரம் அம்மா வசூலுக்கு வந்தவனை. பணம் மேலேயிருந்து எப்படி வந்தது என்று யாரும் பேசவில்லை.

எனக்கும் ஒன்று உண்டு. 2022 மே. எங்கள் மாங்கூழ் ஆலையில் வழக்கமாக வாங்கும் கொழும்பு வியாபாரி பேசினார். "சரக்கு வேணும் ஐயா, டாலர்தான் இல்ல, பேங்க் எல்.சி. திறக்க மாட்டேங்குது." எல்.சி. என்றால் சரக்குக்குப் பணம் வரும் என்று பேங்க் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். பேச்சோடு பேச்சாக, மகனுக்குப் பால் மாவு கிடைக்குமா என்று கேட்டார். இருபது டன் வாங்குகிற மனிதர். அவ்வளவுதான் என் கதை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். போர் முடிந்து இரண்டே மாதத்தில், 2009 ஜூலையில், சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) இலங்கைக்கு 260 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தது. அதன் கண் முக்கியமாகப் பட்ஜெட் பற்றாக்குறையிலும் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலும்தான் இருந்தது. போரில் சிதைந்த நில ஆவணம், காணாமல் போனவர்களின் கணக்கு, இவற்றைச் சரிசெய்தால்தான் அடுத்த தவணை என்று யாரும் சொல்லவில்லை. காணாமல் போனோருக்கான அலுவலகச் சட்டம் 2016-ல், இழப்பீட்டு அலுவலகச் சட்டம் 2018-ல். கட்டடம் முதலில், கணக்கு ஏழு, ஒன்பது வருடம் கழித்து. இதற்கு நடுவில் வெளிக்கடன் பத்திரம் போட்டு ரோடு, துறைமுகம், விமான நிலையம். 2019 டிசம்பரில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டினார்கள். வருமானத்தை நாமே வெட்டிக்கொண்டால் வட்டி எங்கிருந்து வரும்? 2022 ஏப்ரல் 12-ல் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். 2023 மார்ச்சில் மறுபடி ஐ.எம்.எஃப்., நான்கு வருடத்துக்குச் சுமார் 300 கோடி டாலர். இந்த முறைதான் ஊழல் தடுப்புச் சட்டம், மத்திய வங்கி நோட்டடித்து அரசுக்குக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் எல்லாம். 2009-லேயே கேட்டிருக்க வேண்டியவை. வாட் இப்போது 18. அதைக் கட்டுவது கோழி வளர்த்த அந்தப் பெண்ணும்தான்.

ஆகவே சில யோசனைகள். ஒன்று, யாரும் வாரத் தவணைக் கடன் எடுக்காதீர்கள், மாத வருமானத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. பைக்குக்கும் இதுவே. இரண்டு, பழைய பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள், பிரித்தால் மை கூடவே வந்துவிடும். சான்றிட்ட நகல் வாங்குங்கள். மூன்று, ஜெராக்ஸ் தம்பிக்கு. செல்லாது என்று சொன்னது தவறு. போரால் இடம்பெயர்ந்து நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் வழக்குப் போட வசதியாக 2016-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. ஒருவர் நிலத்தில் பத்து வருடம் இருந்துவிட்டால் அது அவருக்கே சொந்தம் என்கிற அனுபோகக் கணக்கில், 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைச் சேர்க்கக் கூடாது. சட்டம் வந்த இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருந்தது. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

ஓசூர் பி ஷிப்ட்

ஐயா, 2016 சட்டத்தை 2012-ல் எப்படிச் சொல்வது? கால் பங்குக் கணக்கும் சரிதான், வருமானம் என்று ஒன்று இருந்தால். அந்த மனுஷன் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கணக்கர் (ஓய்வு), கிருஷ்ணகிரி

பொதுவாகச் சொன்னேன்.

ஊத்தங்கரை, முகாம் பிள்ளை

படித்துக்கொண்டே இருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நான் முகாமில் பிறந்தவள். 2021-ல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். எனக்கு வாக்கு இன்னும் இல்லை.

கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன சட்டம் தனியார் காணிக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவில் நிறையப் பேரிடம் இருப்பது 'உறுதி' என்கிற சொந்தக் காணிப் பத்திரம் இல்லை, அரசாங்கம் குடியேற்றியபோது கொடுத்த பெர்மிட். அதற்கு வேறு சட்டம். பெர்மிட்காரர் வாரிசு எழுதாமல் செத்துப்போனால் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை என்று இருந்ததை 2022-ல்தான் திருத்தினார்கள். அம்மாவுக்கு அடியில் மூன்று தம்பிகள். அவ்வளவு சொன்னால் போதும்.

என் பெரியம்மா போனார். வீட்டுத் திட்டத்தில் இலங்கைக் காசு ஐந்தரை லட்சம், நேராக வங்கிக் கணக்குக்கு, வேலை ஏறஏறக் கட்டம் கட்டமாக வந்தது. யாரும் கமிஷன் கேட்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும், குறையை மட்டும் சொன்னால் பாவம். ஆனால் ஒரே நேரத்தில் ஊரே அத்திவாரம் வெட்டினால் மணலும் மேசன் கூலியும் என்ன ஆகும்? கூரை ஏறும்போது காசு முடிந்துவிட்டது. தாலிக்கொடியை அடகு வைத்து ஓடு போட்டார். யன்னலுக்கு ஒன்றும் இல்லை. வீடு முடிந்தது என்று படம் அனுப்பினார், யன்னல் ஓட்டையில் ஒரு சேலை கட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே முகாமில் எனக்குத் தொட்டில் கட்டிய சேலை. "நல்லா இருக்கு பெரியம்மா" என்று பதில் போட்டேன். ஜெராக்ஸ் அண்ணா சொன்ன அதே மாதிரி.

அண்ணா, உங்களிடம் வந்தவர் எந்த ஊர்க்காரர்? நகலில் பிரிவு (இங்கே தாலுகா மாதிரி) என்று போட்டிருக்கும். ஊர் தெரிந்தால் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆள் பெயர், நம்பர் எதுவும் இங்கே எழுதாதீர்கள்.

பாலக்கோடு ஜெராக்ஸ்

எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பிரிவு என்ற இடத்தில் 'கரை' வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அடுத்த எழுத்து மடிப்பில் போய்விட்டது.

ஊத்தங்கரை, முகாம் பிள்ளை

கரைச்சி என்றால் கிளிநொச்சி. கரைத்துறைப்பற்று என்றால் முல்லைத்தீவு. மடிப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனை எழுத்து இருக்கும் போல இருக்கிறது, அண்ணா?

பாலக்கோடு ஜெராக்ஸ்

இடம் நிறைய இருக்கிறது. பெரிய பெயராகத்தான் இருக்க வேண்டும். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.