பறக்கும் புழு: புதுப்பிப்பு

என் கற்பனைக் கோளுக்காகப் போன மாதம் ஒரு பறக்கும் புழுவைப் போட்டிருந்தேன். மண்புழு உடம்பு, முதுகில் இரண்டு சவ்வுச் சிறகு. “தோலால் மூச்சு விடுகிற பிராணி பறந்தால் காய்ந்துபோகாதா?” என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. தோல் ஈரமாக இருந்தால்தான் மண்புழுவுக்கு ஒட்சிசன் உள்ளே போகும்.

அதனால் மூதாதையையே மாற்றிவிட்டேன். நெரீஸ் போன்ற கடற்புழுக்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வளையத்திலும் இரு பக்கமும் தசைத் துடுப்பு உண்டு. அதை அகலமாக்கினால் போதும், புதிதாகச் சிறகு முளைக்கத் தேவையில்லை. சிறகடிப்பும் கிடையாது. நம் நாட்டுப் பறக்கும் பாம்பு விலா எலும்பை விரித்து, தட்டையாகி, நெளிந்து நெளிந்து சறுக்குமே, அதேதான். புழுவுக்கு விலா ஏது? உடற்குழித் திரவத்தைத் தசையால் அழுத்தி விறைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஈரம். வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியில் தொங்கும் சேட் இரண்டு நாளாகியும் காயவில்லை. அந்தக் காற்றையே கோளின் காட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மழை விட்டதும் பாயும், வெயில் வந்தால் சளி பூசிக்கொண்டு மரப்பட்டைக்குள் போய்விடும்.

தலைதான் இன்னும் சரிவரவில்லை. எப்படி வரைந்தாலும் இறால் மாதிரியே வருகிறது.