ஒரே வில்லோடு இருப்பதா, அலுமாரியை நிரப்புவதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வில்லன்:

எங்கள் ஆட்களுக்குள் இது ஓயாத சண்டை. மரபு வில் எய்பவர்களில் பாதிப் பேர் "ஒன்றை எடு, அதோடயே கிட" என்பார்கள். மற்றப் பாதி, போன பார்சல் பிரிக்க முதல் அடுத்த பார்சலுக்குக் காசு கட்டியிருக்கும். நான் முதல் கட்சி. 62 அங்குல ரிகேர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்), இழுக்கும் பாரம் 35 றாத்தல். பிடியில் சுற்றிய தோல் கறுத்து, என் கட்டைவிரல் எங்கே குந்தும் என்று பார்த்தவுடன் தெரியும்.

குறி பார்க்கும் சைட் இல்லாத வில்லில் தூரத்தைக் கைதான் கணக்குப் பார்க்கும். அதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. இழுக்கும் பாரம் மாறாமல் இருக்க வேண்டும், அம்பு மாறாமல் இருக்க வேண்டும், நாண் வந்து நிற்கும் இடம் (எனக்கு வாயோரம்) மாறாமல் இருக்க வேண்டும். மூன்றும் பல காலம் ஒத்துப்போன பிறகு, இலக்கைப் பார்த்த உடனே முன்கை அந்தந்த உயரத்துக்குப் போய் நிற்கும்.

ஒருமுறை நண்பரின் 45 றாத்தல் லோங்போவை (நுனி வளையாத நெடுவில்), அவருடைய அம்போடயே, ஒரு பின்னேரம் முழுக்க எய்தேன். முதலில் எல்லாம் இலக்கின் தலைக்கு மேலால் போயிற்று. பொழுதுபடும்போது கை பழகி, இலக்கின் நடு மஞ்சளுக்குள் விழத் தொடங்கிவிட்டது. சந்தோஷம்தான். அடுத்த கிழமை என் வில்லை எடுத்தால் அத்தனை அம்பும் இலக்கின் காலடியில். கை இன்னும் அந்த லோங்போவின் கணக்கிலேயே இருந்தது. அன்றிலிருந்து யார் வில்லைத் தந்தாலும் தொட்டுப் பார்த்து, தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சரி, உங்கள் கதை என்ன? கையில் எத்தனை, எதை எப்போது எடுப்பீர்கள், எதை விற்றீர்கள்? தத்துவம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

அண்ணா, நீங்கள் உயரத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். எனக்கு அது இரண்டு நாளில் சரியாகிவிடும். என்னைப் படுத்தியது இடம் வலம்.

முதலில் ரிகேர்வ் ஒன்றுதான் வைத்திருந்தேன். அதற்கு 600 ஸ்பைன் (அம்பு எவ்வளவு வளையும் என்ற எண்) கார்பன் அம்பு ஒரு டசன். பிறகு ஒரு லோங்போவில் ஆசை வந்தது. இரண்டிலும் 35 றாத்தல் என்றுதான் எழுதியிருக்கிறது, அம்பு ஒன்றே போதும் என்று கடைக்காரரும் சொன்னார். எய்தால் எல்லாம் இடப்பக்கம். அம்பின் வால் பறக்கும்போதே பக்கவாட்டில் அடிக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் லோங்போவின் பிடிக்கு மேலே உள்ள தோலில் சாய்வாக ஒரு கோடு, அம்பு ஒவ்வொரு முறையும் உரசிப் போன இடம்.

காரணம் இதுதான். ரிகேர்வில் அம்பு போகும் சாளரத்தை நடுக்கோடு வரை வெட்டியிருப்பார்கள். பல லோங்போக்களில் அவ்வளவு வெட்டு இருக்காது. அம்பு ஓரமாக நின்று, விடும்போது வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். விறைப்பான அம்பு வளையாது, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் தள்ளிவிடும். 600 என்பது அந்த வளைவின் அளவு. அம்பை 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் 1.94 றாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டால் 0.6 அங்குலம் தொய்யும். எண் கூடக் கூட அம்பு இளக்கம்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. வில்லில் எழுதியிருக்கும் றாத்தல் 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. நான் இழுப்பது 26. ஒரு அங்குலத்துக்கு இரண்டு மூன்று றாத்தல் குறையும், ஆகவே என் கையில் அது 30 அளவில்தான் நிற்கும். அந்தக் கணக்கில் என் அம்பு இன்னும் விறைப்பு.

வில் வாங்கும்போது வில்லின் விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். வீட்டோடு மாப்பிள்ளை தன் தம்பி தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு வருவதுபோல, ஒவ்வொரு வில்லும் தனக்கென்று அம்பு, நாண், கைக்குப் போடும் தோலுறை எல்லாவற்றோடும்தான் வீட்டுக்குள் வரும். கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்தால் வில்லே மலிவு என்று தோன்றும்.

புது டசன் வாங்கவில்லை. 125 கிரெயின் (அம்புத் தலையின் பாரத்தை அளக்கும் சின்ன அளவு) தலைகளைக் கழற்றி 200 கிரெயின் போட்டேன். முனை பாரமானால் அம்பு அதிகம் வளையும். வாலடி அடங்கிவிட்டது, உரசலும் நின்றது. இப்போது இரண்டு வில், ஒரே டசன், மாற்றுவது தலையை மட்டும்.

வெள்ளவத்தை வில்லன்:

அர்ச்சுனனுக்குக் காண்டீபம் ஒன்றுதான் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அதோடு வற்றாத அம்பறாத்தூணி இரண்டும் கிடைத்ததை யாரும் சொல்வதில்லை. அந்தத் தூணி எனக்கும் கிடைத்தால் ஆறு வில் வாங்குவேன், அக்கா.

நாணேற்றி:

என்னிடம் ஐந்து இருக்கிறது, ஆறாவதுக்குக் கண் வைத்திருக்கிறேன். திட்டுங்கள், பரவாயில்லை.

குழப்பம் வரும், குழப்பம் வரும் என்கிறீர்கள். குழப்பம் வருவது ஒன்றுக்கொன்று கிட்டவான வில்களில். ரிகேர்வையும் லோங்போவையும் மூன்று விரலால் இழுக்கிறீர்கள், அம்பு இடப்பக்கம், நாண் வாயோரம். உடம்புக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அதுதான் சிக்கல். கொரிய வில்லை நான் கட்டைவிரலில் வளையம் போட்டு இழுப்பேன். அம்பு வலப்பக்கம் கிடக்கும். கை காதையும் தாண்டிப் போகும். எல்லாமே வேறு. அதை எடுத்தால் உடம்பு வேறு ஆளாக நிற்கும், ஒன்றின் பழக்கம் மற்றதற்குள் வராது. எனக்கு வந்ததில்லை.

கொரியாவில் வேலை செய்தபோது ஒரு வயதான ஐயா தன் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இலக்கு 145 மீற்றரில். முதல் நாள் இலக்கே கண்ணுக்குத் தெரியவில்லை, அம்பு எங்கே தெரியும்! அவரிடம் இருந்தது அசல் கொம்பு வில். எருமைக் கொம்பு, மூங்கில், மாட்டு நரம்பு எல்லாவற்றையும் மீன் பசையால் ஒட்டியது. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், வில்லின் பலமும் போய்விடும். அதற்கென்று மெல்லிய சூடு வைத்த பெட்டி ஒன்று, வில் அதற்குள்தான் படுக்கும்.

மழைக்காலம் தொடங்கியதும் ஐயா அந்த வில்லைத் தொடவே இல்லை. தடி வெட்டியதுபோல நிற்கும் ஒரு கார்பன் வில்லை எடுத்து வந்தார். அசல் மரபுக்காரரே இரண்டு வைத்திருக்கிறார், கவனியுங்கள். கொம்பு வில் ஒன்று ஊருக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். உங்கள் ஊரில் மழைக்காலம் எத்தனை மாதம் என்றார். மழை இல்லாத மாதமும் சட்டை காயாது என்றேன். சிரித்துவிட்டு, அப்படியானால் கார்பனை வாங்கிக்கொண்டு போ என்றார்.

அவர் சொன்னது சரி. கடலோரம் மெரின் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கதவுப் பிணைச்சலே ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். என் ஐந்தும் ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன். மரத்திலேயே செதுக்கிய வில் ஒன்றை நாண் பூட்டியபடி ஒரு மழைக்கிழமை முழுக்க வைத்துப் பாருங்கள், நாணைக் கழற்றிய பிறகும் நிமிராது.

தெஹிவளைத் தம்பி:

அண்ணாமார் அக்காமார், என்னிடம் ஒரு வில்தான். காரணம் கொள்கை இல்லை, அனெக்ஸில் இடம் இல்லை.

இப்போது அந்த ஒன்றும் போய்விட்டது. மேல் லிம்பின் (பிடிக்கு மேலே வளையும் பாதியின்) ஓரத்தில், கண்ணாடி இழையும் மரமும் சேருமிடத்தில், ஒரு மயிரளவு கோடு. கண்ணால் பார்த்தால் கீறல் மாதிரி. நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படும். கோச் வாங்கிப் பார்த்துவிட்டு நாணைக் கழற்றச் சொன்னார், இனி இழுக்கவே கூடாதாம். போட்டி அடுத்த மாதம். ஒரே வில் என்று சொல்லும் அண்ணாமார் இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வெள்ளவத்தை வில்லன்:

பதில் இருக்கிறது தம்பி, கழற்றிப் பூட்டும் வில். நடுப்பிடி ஒன்று, லிம்ப் இரண்டு சோடி. ஒன்று வெடித்தால் மற்றது. அது ஒரு வில்லா இரண்டா என்று நாணேற்றி சண்டைக்கு வருவார், வரட்டும்.

தம்பானைக்குப் போனவன்:

மகியங்கனைப் பக்கம் வேலையாகப் போனபோது வேடர்கள் வாழும் தம்பானைக்கும் போனேன். ஒரே வில், ஒரே மனிதன், காடு என்றெல்லாம் மனதில் ஒரு படம் இருந்தது. தோளில் கோடரியோடு ஒரு பெரியவர் வில்லைக் காட்டினார். மினுக்கல் கிடையாது, கணு கணுவாக ஒரு தடி, தோலுரித்துச் செதுக்கியது. நாலைந்து பேர் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். இந்த வில் எத்தனை வருடம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. போனால் இன்னொன்று வெட்டுவோம் என்றார்.

வில் வாழ்நாள் துணை என்பதெல்லாம் ஃபைபர் கிளாஸ் வந்த பிறகு நாங்கள் கட்டிய கதை என்று அன்று பட்டது. மரவில் தேயும், வளைந்தபடி நின்றுவிடும், உடையும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலைத் தோண்டியபோது 137 முழு வில்களும் 3,500க்கு மேல் அம்பும் கிடைத்தன. அந்த வில்லாளிகளுக்கும் வில் என்பது பெட்டியில் அடுக்கி வைத்த பண்டம்தான்.

அம்புதான் வேறு கதை. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் பிடிபட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரும்பு அம்பு வேண்டுமானால் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் அம்பின் வடிவில் வெட்டிய இலை ஒன்றையும் வைத்துவிட்டுப் போவார்களாம். இலை எப்படியோ அம்பும் அப்படியே. கொல்லன் அதன்படி செய்து கொடுத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவு அவனுக்கே அம்பு வரும். வில்லைக் காட்டில் வெட்டிக்கொள்ளலாம், அம்பின் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கொட்டாஞ்சேனை அக்காவும் அந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

தம்பானையில் இப்போது அந்த வில்லால் வேட்டை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா வந்ததோடு அவர்கள் வேட்டையாடிய காடு சட்டப்படி அவர்களுடையதாக இல்லாமல் போயிற்று. நாங்கள் பொழுதுபோக்குக்கு எத்தனை வில் வைத்திருக்கலாம் என்று இங்கே சண்டை போடுகிறோம்.

நாணேற்றி:

கழற்றிப் பூட்டும் வில் இரண்டு வில்தான். இதில் பேச்சே இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:

தெஹிவளைத் தம்பி, இவர்கள் சண்டை முடியாது. என் ரிகேர்வைப் போட்டி முடியும்வரை நீ வைத்துக்கொள், நான் லோங்போவோடு சமாளிப்பேன். உன்னுடையதைவிட இலகுவாக இருந்தால் கவலைப்படாதே. கை நடுங்காமல் நிற்கும் பாரத்தில் எய்வதுதான் போட்டிக்கு நல்லது. முதலில் உன் இழுப்பு எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. என் அம்பு 28 அங்குலம். நீ 27க்கு மேல் இழுக்கிறாய் என்றால் அது உனக்குக் குட்டை, தலை உள்ளே வந்து கையில் குத்திவிடும். அப்படியென்றால் அம்பு வில்லன் அண்ணாவிடம்தான் கேட்க வேண்டும். அவருடையது நீளம், ஆனால் விறைப்பு. 200 கிரெயின் தலைகள் என்னிடம் இருக்கின்றன, அவர் அம்பின் துளைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.