மண மாலைப் பூக்களை அழுத்தி உலர்த்திப் பாதுகாப்பது எப்படி?

மணப்பெண்ணின் அக்கா:
வரும் ஐப்பசியில் கும்பகோணத்தில் என் தங்கையின் திருமணம் நடக்கவிருக்கிறது. மாலை மாற்றும்போது அவள் அணியும் மாலையின் பூக்களை அழுத்தி உலர்த்தி, கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திக் கொடுக்க விரும்புகிறேன். பன்னீர் ரோஜா, சம்பங்கி, குண்டுமல்லி, மரிக்கொழுந்து ஆகியவற்றை வைத்துக் கட்டுவதாகப் பூக்காரர் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இவற்றை உலர்த்துவது எப்படி, மல்லிகையின் வெண்மையைக் காக்க வழி உண்டா என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மண மாலையை ஓடும் நீரில்தான் விட வேண்டும் என்று எங்கள் அத்தை சொல்கிறார். அவர் பேச்சை மீறவும் மனமில்லை.

தாவரவியல் ஆசிரியை:
மல்லிகையின் வெண்மை நிற்காது. இதழின் செல்கள் நசுங்கியதும், அவற்றிலுள்ள பீனாலிக் சேர்மங்கள் நொதியின் துணையால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடுகின்றன. வாங்கி வந்த மல்லிச்சரம் மறுநாள் பழுப்பதும் இதே காரணத்தால்தான். விரைவாக உலர்த்தினால் தந்தத்தின் நிறம் வரை காப்பாற்றலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சம்பங்கியின் இதழ் தடித்து நீர் நிறைந்திருப்பதால் முழுப் பூவாக அழுத்தினால் அழுகிவிடும். ரோஜாவை இதழ் இதழாகப் பிரித்து அழுத்தி, ஒட்டும்போது மீண்டும் பூவாக அடுக்குங்கள். மரிக்கொழுந்து அழுத்துவதற்கு மிகவும் ஏற்றது. பூக்காரரிடம் சொல்லிச் சில வாடாமல்லிப் பூக்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் நிறம் காட்டுபவை இதழ்கள் அல்ல, நீர்ச்சத்துக் குறைந்த, காகிதம் போன்ற பூவடிச் செதில்கள் என்பதால் அந்த ஊதா நிறம் நெடுநாள் நிற்கும்.

முகூர்த்தம் முடிந்த அன்றே பூக்களைப் பிரித்து, தெளித்த நீரைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மை ஒற்றும் தாள்களுக்கு இடையே ஒன்றோடொன்று படாமல் பரப்பி, மேலும் கீழும் செய்தித்தாள் அடுக்கிப் பாரம் ஏற்றுங்கள். புள்ளி வேலைப்பாடு உள்ள டிஷ்யூ தாள் வேண்டாம். அந்தப் புள்ளிகள் இதழில் அப்படியே பதிந்துவிடும். பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பது ஈரத் தாள்தான். ஆகவே முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றுவதும், மாற்றும் தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்துவதும் மழைக்காலத்தில் கட்டாயம். முழுவதும் உலர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். இதழைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

சட்டம் செய்பவர்:
ஆசிரியை சொன்னதோடு, உலர்ந்த பின் செய்ய வேண்டியவற்றைச் சேர்க்கிறேன். உலர்ந்த பூவைச் சிறு வண்டுகள் விரும்பித் தின்னும் என்பதால், காற்றுப் புகாத பாலித்தீன் பையில் இட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் முழுவதும் விட்ட பிறகு திறந்தால்தான் பூவின் மேல் நீர் கோக்காது. பின்னர் அமிலமற்ற தாளில், பூவின் பின்புறம் ஓரிரு இடங்களில் மட்டும் ஃபெவிகாலைக் குண்டூசித் தலை அளவு வைத்து ஒட்டுங்கள். லேமினேஷன் செய்து தருகிறோம் என்பார்கள். மிச்ச ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஒரு முறை ஒட்டிவிட்டால் பூவைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ரோஜாவின் நிறத்தை வெளிச்சம் வெளுக்கச் செய்யும் என்பதால், பூஜை அறையானாலும் கூடமானாலும் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள்.

தஞ்சை வாசகர்:
உங்கள் அத்தை சொல்வதன் நோக்கம், சாமி முன் சூடிய மாலை யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பதே. எங்கள் வீட்டுத் திருமணத்தில் நான்கைந்து பூக்களை எடுத்துக்கொண்டு மீதியை மரக்கிளையில் சாற்றினோம், பெரியவர்கள் மறுக்கவில்லை. காவிரியில் விடுவதானால் ஜரிகை, நைலான் நூல், பிளாஸ்டிக் மணிகளை முதலில் கழற்றிவிடுங்கள். இப்போதைய மாலைகளில் பூவைவிட அவைதான் அதிகம்!

மணப்பெண்ணின் அக்கா:
மிக்க நன்றி. அத்தையிடம் பேசினேன், பூக்களை அவரே எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். திருமணத்தன்று இரவு வரை எங்களுக்கு ஓய்விருக்காது. பூக்களை அதுவரை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாமா?

தாவரவியல் ஆசிரியை:
வைக்கலாம். துடைத்த பூக்களை டப்பாவில் உலர்ந்த துணி விரித்துத் தளர்வாக வையுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். ஈரமுள்ள பூ உறைந்து இளகினால் துவண்டு கறுத்துவிடும்.